போன் தொலைந்தது, கணக்கு திறக்கவில்லை: எந்த அறிகுறிக்கு எந்த வழி

போன் பஸ்ஸில் போய்விட்டது, மெயிலுக்குள் போக முடியவில்லை என்று எங்கள் பிரவுசிங் சென்டருக்கு வருகிறவர்கள், பெரும்பாலும் உட்காரும் முன்பே "பாஸ்வேர்டை மாத்திடலாம்" என்பார்கள். அவர்களை முதலில் உட்காரச் சொல்வேன். பாஸ்வேர்டில் கோளாறு எதுவும் இல்லை. அது சரியாகத்தான் இருக்கிறது. பாஸ்வேர்டுக்கு அடுத்து கணக்கு கேட்கும் இரண்டாவது சான்று, அதாவது ஓடிபியோ ஆதென்டிகேட்டர் செயலி காட்டும் எண்ணோ "ஆம், நான்தான்" என்று தட்டும் திரையோ, தொலைந்த போனுக்குள் இருக்கிறது. இருபடிச் சரிபார்ப்பு போட்ட கணக்கில் இது எல்லோருக்கும் வரக்கூடிய நிலைமை.

சென்ற ஆண்டு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் வந்தார். ஓய்வூதியம், பேத்தியின் கல்லூரிச் சேர்க்கை, வங்கி எல்லாவற்றுக்கும் ஒரே ஜிமெயில். "தம்பி, இப்பவே இந்த கம்ப்யூட்டர்லயே திறந்து குடுத்துடுங்க" என்றார். "சார், இங்க வேண்டாம், வீட்டுக்குப் போய்ச் செய்யலாம்" என்றேன். வருகிற வேலையைத் திருப்பி அனுப்புகிறானே என்று அவருக்கு ஆச்சரியம். காரணம் இதுதான். இரண்டாவது சான்று இல்லாதபோது கூகுள் போன்ற நிறுவனங்கள் சாட்சி தேடுகின்றன. இந்தக் கணக்கு வழக்கமாக எந்தக் கருவியில், எந்த பிரவுசரில், எந்த இடத்திலிருந்து திறக்கப்பட்டது என்பதுதான் அந்தச் சாட்சி. என் கடைக் கணினிக்கு அவர் கணக்கோடு எந்தப் பழக்கமும் இல்லை. அவர் வீட்டு மேஜையில் இருக்கும் பழைய லேப்டாப்புக்கு மூன்று வருடப் பழக்கம் இருந்தது.

ஆகவே, உள்ளே போகும் வரை சாட்சிகளைக் கலைக்காதீர்கள். வீட்டுக் கணினியை ஃபார்மேட் செய்யக் கூடாது. பிரவுசரின் வரலாற்றையும் குக்கீயையும் துடைக்கக் கூடாது. எந்தக் கருவியிலும் லாக்அவுட் செய்யக் கூடாது. பாஸ்வேர்டையும் அவசரப்பட்டு மாற்ற வேண்டாம். கூகுளில் பாஸ்வேர்டை மாற்றினால் பெரும்பாலான கருவிகளில் கணக்கு தானாக வெளியேறிவிடும், நமக்கு உதவ இருந்த கருவியும் அதோடு போய்விடலாம்.

இனி உங்கள் நிலைமை எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். போன் இப்போதுதான் தொலைந்தது என்றால் மட்டும் அடுத்த பகுதியை விட்டுவிடாதீர்கள்.

அறிகுறி: போன் தொலைந்து ஒரு நாள்கூட ஆகவில்லை

இன்னொரு போனிலிருந்து இரண்டு மூன்று முறை அடித்துப் பாருங்கள். நல்ல மனிதர் எடுத்திருந்தால் பேசுவார். யாரும் எடுக்கவில்லை, அல்லது அணைத்துவைக்கப்பட்டிருக்கிறது என்றால் உடனே சிம் நிறுவனத்தை அழைத்து சிம்மை முடக்குங்கள். போனில் பேட்டர்ன் லாக் இருக்கிறதே என்று தைரியமாக இருக்க முடியாது. சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டால் ஓடிபி எல்லாம் அந்தப் போனுக்கு வரும். லாக் சிம்மைக் காப்பதில்லை, போனைத்தான் காக்கிறது.

அடுத்தது வங்கி. மொபைல் பேங்கிங், யுபிஐ இரண்டையும் நிறுத்தச் சொல்லுங்கள். பணம் ஏற்கெனவே போயிருந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை உடனே அழைக்க வேண்டும். பணம் கைமாறிப் போவதற்குள் சொன்னால்தான் அதை வழியில் நிறுத்திவைக்க வாய்ப்பு அதிகம். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நிதானம் வேண்டாம்.

பிறகு காவல் நிலையத்தில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர் ரசீது வாங்குங்கள். மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் சி.இ.ஐ.ஆர் என்ற வசதி இருக்கிறது. அங்கே போனின் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ எண்ணைக் கொடுத்து, அந்தப் போனில் வேறு எந்த சிம்மும் வேலை செய்யாதபடி தடுக்கலாம். புகார் நகலை அங்கே பதிவேற்ற வேண்டும். உறுதிசெய்யும் ஓடிபிக்கு ஓர் எண்ணும் தேவை, அதனால் டூப்ளிகேட் சிம் வாங்கிய பிறகுதான் இந்தப் படி வசதியாக இருக்கும். ஐ.எம்.இ.ஐ எண் போன் வந்த டப்பாவில் இருக்கும், பெரும்பாலான பில்லிலும் இருக்கும்.

தொலைவிலிருந்தே போனில் உள்ள எல்லாவற்றையும் அழித்துவிடும் வசதியும் ஆண்ட்ராய்டில் உண்டு. அதை முதல் மணி நேரத்தில் செய்யச் சொல்ல மாட்டேன். அழித்துவிட்டால் போன் இருக்கும் இடத்தைப் பிறகு பார்க்க முடியாது. போன் திரும்பக் கிடைத்தாலும் ஆதென்டிகேட்டருக்குள் இருந்தவை கிடைக்காது. முதலில் பூட்டும் வசதியைப் பயன்படுத்துங்கள். போன் பூட்டப்படாமலே தொலைந்திருந்தால் மட்டும் அழிப்பதைப் பற்றி யோசியுங்கள்.

அறிகுறி: டூப்ளிகேட் சிம் வந்துவிட்டது, ஆனால் ஓடிபி வரவில்லை

மக்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். சிம் கெட்டுவிட்டது என்று மறுபடி கடைக்கு ஓடுகிறார்கள். கெடவில்லை. இந்தியாவில் ஒரு சிம்முக்கு மாற்று சிம் கொடுத்தால் முதல் 24 மணி நேரம் அதில் குறுஞ்செய்தி வராது, போகாது. உங்கள் பெயரைச் சொல்லி வேறொருவர் டூப்ளிகேட் வாங்கிவிட்டால் உண்மையான ஆளுக்கு விழித்துக்கொள்ள ஒரு நாள் கிடைக்கட்டும் என்றே இந்த ஏற்பாடு. அந்த ஒரு நாளில் ஓடிபிக்காகத் திரும்பத் திரும்ப அழுத்தினால், அளவுக்கு மேல் கேட்டுவிட்டீர்கள் என்று கணக்கு கதவை மூடிவிடும். அடுத்த நாள் சிம் சரியானாலும் கணக்கு காத்திருக்கச் சொல்லும்.

தடை குறுஞ்செய்திக்கு மட்டும்தான், அழைப்புக்கு இல்லை. குறியீட்டை அழைப்பில் சொல்லும் வழி பட்டியலில் இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். கூகுள் பல கணக்குகளுக்கு இதைக் காட்டும், வாட்ஸ்அப்பிலும் உண்டு. யுபிஐ செயலிகள் மட்டும் காத்திருந்தே ஆக வேண்டும். அவை உங்கள் சிம்மிலிருந்து ஒரு குறுஞ்செய்தி போனால்தான் பதிவாகும்.

24 மணி நேரம் தாண்டியும் வரவில்லையா? செய்திப் பெட்டியின் ஸ்பேம் பகுதியைப் பாருங்கள். வெளிநாட்டில் இருக்கிறீர்கள் என்றால் ரோமிங் இயங்குகிறதா என்று பாருங்கள். ரீசார்ஜ் முடிந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

இ-சிம் வைத்திருந்தவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. புதிய இ-சிம்முக்கான க்யூஆர் மெயிலுக்கு வரும், அந்த மெயிலைத் திறக்கத்தான் எண் வேண்டும். நேரில் அடையாள அட்டையோடு கடைக்குப் போய், சாதாரண பிளாஸ்டிக் சிம்மாகக் கேட்டு வாங்கிவிடுங்கள். பின்னால் இ-சிம்முக்கு மாறிக்கொள்ளலாம்.

அறிகுறி: "உங்கள் போனில் ஆம் என்று தட்டுங்கள்" என்கிறது, அந்தப் போன்தான் இல்லை

திரையில் கீழே "வேறு வழியை முயலவும்" என்று சிறிய எழுத்தில் ஒரு வரி இருக்கும். அதைக் கண்ணால் கண்டுபிடிப்பதுதான் பாதி வேலை. தட்டினால் எத்தனை வழிகள் மிச்சம் என்று பட்டியல் விரியும்: குறுஞ்செய்தி, பேக்கப் கோடு (அவசரத்துக்கென்று முன்பே எடுத்து வைக்கும் எண்கள்), ஆதென்டிகேட்டர், பாஸ்கீ (பாஸ்வேர்டுக்குப் பதில் கைரேகையோ முகமோ காட்டித் திறப்பது), வேறொரு போன். கடைசி வரை படியுங்கள்.

அந்த "வேறொரு போன்" என்பதில்தான் தலைமையாசிரியருக்கு வழி பிறந்தது. வீட்டில் பழைய ஆண்ட்ராய்டு போன் ஒன்று, சிம் இல்லாமல், பேத்தி யூடியூப் பார்ப்பதற்காக வைஃபையில் ஓடிக்கொண்டிருந்தது. அதில் சார் கணக்கு இன்னும் திறந்தே இருந்தது. கூகுளின் "ஆம், நான்தான்" திரைக்கு சிம் தேவையில்லை, கணக்கு திறந்திருக்கும் ஆண்ட்ராய்டு போனும் இணையமும் இருந்தால் போதும். ஐபோனாக இருந்தால் அதிலுள்ள ஜிமெயில், யூடியூப், கூகுள் செயலிகளில் ஒன்றில் அந்தக் கணக்கு திறந்திருந்தாலும் வரும். வீட்டில் எந்த அலமாரியில் எந்தப் பழைய போன் தூங்குகிறது என்று தேடுங்கள். சார்ஜ் போட்டு, வைஃபையில் இணைத்து, பத்து நிமிடம் பொறுத்து முயலுங்கள்.

அறிகுறி: வீட்டுக் கணினியில் மெயில் இன்னும் திறந்தே இருக்கிறது

உங்களுக்கு நல்ல நேரம். ஆனால் மெயிலைப் படித்துக்கொண்டு உட்காராமல் உடனே கணக்கு அமைப்புகளில் பாதுகாப்புப் பகுதிக்குப் போங்கள். அது மறுபடி பாஸ்வேர்டு கேட்கும். "இந்தக் கருவியில் மீண்டும் கேட்க வேண்டாம்" என்று முன்பே டிக் செய்திருந்தால் இரண்டாவது படி கேட்காமல் விட்டுவிடும் வாய்ப்பு அதிகம். உள்ளே போனதும் முதல் வேலை பேக்கப் கோடு எடுப்பது. மற்ற எதையும் தொடும் முன் அந்தப் பத்து எண்களையும் தாளில் எழுதிவிடுங்கள்.

பாஸ்வேர்டு மறந்துவிட்டது, பிரவுசர் நினைவில் வைத்திருக்கிறது என்றால், பிரவுசரின் பாஸ்வேர்டு பட்டியலில் போய்ப் பாருங்கள். கணினியின் சொந்தப் பாஸ்வேர்டைக் கொடுத்தால் காட்டும்.

அறிகுறி: புதிய போனில் ஆதென்டிகேட்டரைப் போட்டேன், காலியாக இருக்கிறது

ஆதென்டிகேட்டர் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் தெரிந்தால் குழப்பம் போய்விடும். முதல் நாள் க்யூஆர் படத்தை ஸ்கேன் செய்தீர்களே, அதற்குள் ஒரு ரகசிய எண் இருந்தது. அது உங்கள் போனிலும் நிறுவனத்தின் சர்வரிலும் ஒரே மாதிரி சேமிக்கப்பட்டது. அந்த ரகசியத்தையும் அந்த நேரக் கடிகாரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு, 30 விநாடிக்கு ஒரு முறை ஆறு இலக்க எண் ஒன்றை இரண்டு பக்கமும் தனித்தனியாக உருவாக்குகின்றன. இரண்டும் ஒத்துப்போனால் கதவு திறக்கும். இதில் சிம்முக்கு வேலையே இல்லை, இணையமும் தேவையில்லை. அதனால்தான் அதே நம்பரில் டூப்ளிகேட் சிம் வாங்கினாலும் ஆதென்டிகேட்டர் திரும்பாது. ரகசியம் பழைய போனோடு போய்விட்டது.

2023 ஏப்ரலில் இருந்து கூகுள் ஆதென்டிகேட்டரில் கூகுள் கணக்கோடு ஒத்திசைக்கும் வசதி வந்திருக்கிறது. நீங்கள் அதைப் போட்டிருந்தால், புதிய போனில் செயலிக்குள் அதே கூகுள் கணக்கில் நுழைந்ததும் எல்லாம் வந்து இறங்கும். வரவில்லை என்றால் இரண்டு மூன்று ஜிமெயில் வைத்திருக்கிறீர்களா, தவறான கணக்கில் நுழைந்துவிட்டீர்களா என்று பாருங்கள். என் அனுபவத்தில் காலியாக இருப்பதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். மைக்ரோசாஃப்ட் ஆதென்டிகேட்டரிலும் பேக்கப் உண்டு, முன்பே இயக்கியிருந்தால்தான் பயன். ஆத்தி (Authy) என்ற ஆதென்டிகேட்டர் செயலியில் பேக்கப்புக்குத் தனிப் பாஸ்வேர்டு உண்டு, அது மறந்துபோனால் நிறுவனத்தாலும் திறக்க முடியாது.

போன் தொலையவில்லை, கீழே விழுந்து திரை மட்டும் போய்விட்டது என்றால் ரகசியம் இன்னும் உள்ளே பத்திரமாக இருக்கிறது. தொடுதிரை வேலை செய்யாமல் படம் மட்டும் தெரிந்தால் ஓடிஜி கேபிளில் ஒரு மவுஸை மாட்டிப் பின் எண்ணை அடிக்கலாம். படமே இல்லை என்றால் சர்வீஸ் கடையில் டிஸ்பிளே மட்டும் மாற்றச் சொல்லுங்கள். "சாஃப்ட்வேர் போட்டுத் தரேன் அண்ணே" என்று கடைக்காரர் சொன்னால் அந்த நிமிடமே போனைத் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள். சாஃப்ட்வேர் போட்டால் போன் உயிர்க்கும், அதற்குள் இருந்த ரகசியம் அழிந்துவிடும். ஒரு பாலிடெக்னிக் மாணவர் இப்படித்தான், போனை நன்றாக ஓடவைத்துக் கொண்டுவந்து, குறியீடு எங்கே என்று என்னிடம் கேட்டார். அவரிடம் அதைச் சொல்வது எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அறிகுறி: ஆதென்டிகேட்டர் எண் தருகிறது, கணக்கு "தவறு" என்கிறது

மேலே சொன்ன கடிகாரம்தான் பெரும்பாலும் காரணம். புதிய போனில், அல்லது பேட்டரி தீர்ந்து மீண்ட பழைய போனில், நேரம் சில நிமிடம் தள்ளியிருக்கும். போன் அமைப்புகளில் தேதி, நேரம், நேர மண்டலம் மூன்றையும் தானியங்கியாக வையுங்கள். இணையத்தில் இணைத்து ஒரு நிமிடம் விடுங்கள். பிறகு புதிய எண் வந்த உடனே அடியுங்கள், ஓடி முடியப்போகும் எண்ணை அடிக்காதீர்கள்.

நேரம் சரியாக இருந்தும் ஏற்கவில்லை என்றால் ஒரே கணக்குக்கு இரண்டு வரிசைகள் இருக்கிறதா என்று பாருங்கள். ஆதென்டிகேட்டரை ஒரு தடவை புதிதாக மாற்றியமைத்திருந்தால் பழைய வரிசை செல்லாது. ஆனால் அது எண்ணைக் காட்டிக்கொண்டேதான் இருக்கும்.

அறிகுறி: பேக்கப் கோடு எடுத்து வைத்த ஞாபகம் இருக்கிறது, எங்கே என்று தெரியவில்லை

கூகுள் ஒரு தடவைக்குப் பத்து எண்கள் தரும், ஒவ்வொன்றும் எட்டு இலக்கம். பதிவிறக்கியிருந்தால் கணினியில் ஆங்கிலத்தில் பேக்கப் கோட்ஸ் என்று தொடங்கி உங்கள் பயனர் பெயரோடு முடியும் டெக்ஸ்ட் கோப்பாக இருக்கும். டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் தேடுங்கள். பிரிண்ட் எடுத்த பழக்கம் உள்ளவர்கள் ஆதார் ஜெராக்ஸ், எல்.ஐ.சி பத்திரம் வைக்கும் கோப்பைப் புரட்டுங்கள். போட்டோ எடுத்து வைத்தேன் என்பவர்களிடம் நான் கேட்பது, அந்தப் போட்டோவை வாட்ஸ்அப்பில் யாருக்காவது அனுப்பினீர்களா என்பதுதான். அனுப்பியிருந்தால் அவர் போனில் கிடைக்கும்.

கிடைத்தும் ஏற்கவில்லையா? ஒரு எண் ஒரு தடவைதான் செல்லும். அடுத்த எண்ணைப் போடுங்கள். பத்துமே செல்லவில்லை என்றால், இந்தத் தாளுக்குப் பிறகு நீங்கள் புதிய தொகுப்பு எடுத்திருக்கிறீர்கள், அப்போதே இந்தத் தாள் செத்துவிட்டது. அதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள்: பேக்கப் கோடை ஆதென்டிகேட்டர் எண் கேட்கும் பெட்டியில் போட்டால் ஏற்காது. "வேறு வழி" போய், எட்டு இலக்கக் குறியீடு என்று கேட்கும் இடத்தில்தான் போட வேண்டும்.

அறிகுறி: எண்ணும் இல்லை, போனும் இல்லை, கோடும் இல்லை

இதில் வருகிறவர்களில் வளைகுடாவில் வேலை பார்ப்பவர்கள் அதிகம். ஊர் சிம்மை இரண்டு வருடம் ரீசார்ஜ் செய்யாமல் விட்டிருப்பார்கள், அந்த எண் வேறு ஒருவருக்குப் போயிருக்கும். அந்தப் புதியவரை அழைத்து "ஒரு ஓடிபி வரும், சொல்லுங்க" என்று கேட்பது முறையல்ல. அவரும் அதை மோசடி என்றுதான் நினைப்பார், நினைக்கவும் வேண்டும்.

இப்போது மிச்சமிருப்பது கூகுளின் கணக்கு மீட்புப் படிவம். பிரவுசரில் கூகுள் அக்கவுண்ட் ரெக்கவரி என்று தேடி, கூகுளின் சொந்தத் தளத்துக்கு மட்டும் போங்கள். ஆரம்பத்தில் சொன்ன சாட்சி இங்கேதான் பேசும். அந்தக் கணக்கை நீங்கள் வழக்கமாகத் திறந்த கணினி, அதே பிரவுசர், அதே வீட்டு வைஃபை ஆகியவற்றோடு உட்காருங்கள். துபாயில் இருந்துகொண்டு, நேற்று வாங்கிய போனில், இருக்கும் இடத்தை மறைக்கும் விபிஎன் போட்டு முயன்றால் கிடைக்காது. கணக்கு பெரும்பாலும் ஊர் வீட்டில்தான் திறக்கப்பட்டது என்றால் விடுப்பில் வரும்போது அங்கிருந்து முயல்வதே நல்லது.

கேள்விகளுக்குத் தெரியாது என்று தாண்டாமல் இயன்றவரை பதில் சொல்லுங்கள். நினைவிருக்கும் கடைசிப் பாஸ்வேர்டைக் கேட்டால், இப்போதையது இல்லாவிட்டாலும் அதற்கு முந்தையதைக் கொடுங்கள். பதில் சொல்ல உங்களைத் தொடர்பு கொள்ளும் மெயில் கேட்டால் நீங்கள் உடனே திறக்கக்கூடிய ஒன்றைக் கொடுத்து, அதன் ஸ்பேம் பகுதியையும் பாருங்கள். இருபடிச் சரிபார்ப்பு போட்ட கணக்கில், நீங்கள்தான் என்று உறுதிசெய்ய 3 முதல் 5 வேலை நாட்கள் ஆகலாம். முதல் தடவை மறுத்தால் அது முடிவான மறுப்பு இல்லை. கொஞ்சம் இடைவெளி விட்டு, இன்னும் நல்ல கணினியிலிருந்து, இன்னும் சரியான பதில்களோடு முயலுங்கள். ஒரே மாலையில் இருபது தடவை முயல்வது நிலைமையை மோசமாக்கும்.

எல்லா முயற்சிக்குப் பிறகும் திறக்காத கணக்குகள் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். கஷ்டமான செய்திதான், ஆனால் வாரக்கணக்கில் காத்திருப்பவர் அதே நேரத்தில் புதிய மெயில் உருவாக்கி வங்கி, கல்லூரி, வருமான வரித் தளம் என்று ஒவ்வொன்றிலும் மெயிலை மாற்றத் தொடங்கிவிட வேண்டும். எண் நிரந்தரமாகப் போய்விட்டவர்கள் ஆதாரில் மொபைல் எண்ணையும் புதுப்பிக்க வேண்டும். டிஜிலாக்கர் முதல் பல அரசுத் தளங்கள் ஆதார் ஓடிபியை நம்பி இருக்கின்றன. ஆதார் மையத்துக்கு நேரில் போய்க் கைரேகை வைத்து மாற்றலாம், பழைய எண் தேவைப்படாது.

அறிகுறி: கல்லூரி மெயில், அலுவலக மெயில்

படிவம் எதுவும் வேண்டாம். கல்லூரியின் கணினிப் பிரிவில் அட்மின் இருப்பார். நிறுவனங்களுக்கான கூகுள் வொர்க்ஸ்பேஸாக இருந்தால் உங்களுக்கான பேக்கப் கோடை அவரே தன் திரையிலிருந்து எடுத்துத் தர முடியும். அடையாள அட்டையோடு நேரில் போங்கள்.

அறிகுறி: வாட்ஸ்அப் ஓடிபி ஏற்றுக்கொண்டது, அப்புறம் ஆறு இலக்க பின் கேட்கிறது

அது நீங்களே முன்பு போட்ட இருபடிச் சரிபார்ப்பு எண். ஓடிபியோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். பின் மறந்துவிட்டது என்பதைத் தட்டினால், மெயில் கொடுத்திருந்தவர்களுக்கு அங்கே மீட்கும் வழி வரும். மெயில் கொடுக்காதவர்கள் 7 நாள் காத்திருந்தால் பின்னை மாற்றலாம். புதிய போனில் உங்கள் எண்ணைப் பதிந்த நிமிடமே பழைய போனில் வாட்ஸ்அப் வெளியேறிவிடும். அதனால் அந்த ஏழு நாளும் திருடன் படித்துக்கொண்டிருப்பானோ என்ற பயம் வேண்டாம். உங்கள் பெயரில் யாராவது பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம் என்று உறவினர்களிடம் மட்டும் சொல்லிவையுங்கள்.

மற்ற கணக்குகள், சுருக்கமாக

இன்ஸ்டாகிராமில் உங்கள் முகம் தெரியும் படங்கள் இருந்தால், முகத்தைப் பல பக்கம் திருப்பி எடுக்கும் வீடியோ செல்ஃபி கேட்டு உறுதிசெய்வார்கள். முகமே இல்லாத கடைக் கணக்கு, கோயில் படக் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு இது கடினம், அவர்களுக்கு பேக்கப் கோடு மிகவும் அவசியம். ஃபேஸ்புக்கில் முன்பு பயன்படுத்திய கருவியிலிருந்து முயன்று, கேட்டால் அடையாள அட்டைப் படம் அனுப்ப வேண்டியிருக்கும்.

ஆப்பிளில், தொலைந்த ஐபோனைத் தேடும் பக்கத்துக்கு மட்டும் இரண்டாவது குறியீடு கேட்காது, பாஸ்வேர்டு போதும். அதனால் போனைப் பூட்டுவது சுலபம். கணக்கை மீட்க விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கும் நாட்களில் அதே கணக்கில் உள்ள மற்ற கருவிகளை அணைத்துவையுங்கள். அவற்றைப் பயன்படுத்தினால் விண்ணப்பம் தானாக ரத்தாகிவிடும். 28 எழுத்துள்ள ரெக்கவரி கீ போட்டவர்கள் அந்தக் கீயையும் எல்லாக் கருவிகளையும் ஒருசேரத் தொலைத்தால் ஆப்பிளாலும் திறக்க முடியாது.

மைக்ரோசாஃப்டில் எல்லாப் பாதுகாப்புத் தகவலையும் ஒரே சமயத்தில் மாற்றினால் 30 நாள் காத்திருப்பு உண்டு. நடுவில் பொறுமை இழந்து ரத்து செய்யாதீர்கள். கிட்ஹப் வைத்திருக்கும் மாணவர்களுக்கு: மெயிலைத் திறக்க முடிய வேண்டும், அதோடு முன்பு உறுதிசெய்த கருவியோ, எஸ்எஸ்எச் கீயோ, பெர்சனல் ஆக்சஸ் டோக்கனோ ஒன்று வேண்டும். லேப்டாப்பில் கோடு புஷ் செய்யும் கீ இன்னும் இருக்கும், அதைத் துடைத்துவிடாதீர்கள். அவர்கள் பார்த்துப் பதில் சொல்ல மூன்று வேலை நாட்கள் வரை ஆகும்.

அறிகுறி: "கணக்கை மீட்டுத் தருகிறேன்" என்று ஒருவர் அழைக்கிறார்

வைத்துவிடுங்கள். சமூக ஊடகத்தில் கணக்கு போய்விட்டது என்று புலம்பி எழுதிய அரை மணி நேரத்தில் இவர்கள் வருவார்கள். கூகுள் எந்த வெளி ஆளையும் இதற்கு வைத்திருக்கவில்லை. இவர்கள் கேட்கும் முன்பணம் போகும், கேட்கும் பேக்கப் கோடும் போகும். என்னைப் போன்ற கடைக்காரர்களிடம்கூட கோடு தாளைக் காட்டாதீர்கள், நீங்களே தட்டச்சு செய்யுங்கள். பக்கத்தில் நின்று எந்த இடத்தில் என்ன போட வேண்டும் என்று சொல்வது மட்டும்தான் எங்கள் வேலை.

உள்ளே போன பிறகு

வரிசை முக்கியம். முதலில் புதிய பேக்கப் கோடு. இரண்டாவது, கருவிகள் பட்டியலில் தொலைந்த போனை மட்டும் தேர்ந்தெடுத்து வெளியேற்றுங்கள். மூன்றாவது, ஆதென்டிகேட்டரைப் புதிய போனில் மறுபடி அமையுங்கள். அப்படி அமைத்ததும் பழைய போனில் இருந்த ரகசியம் செல்லாமல் போய்விடும். நான்காவது, மீட்பு எண்ணும் மீட்பு மெயிலும் இன்றைக்கு உங்கள் கையில் உள்ளவைதானா என்று பாருங்கள். பாஸ்வேர்டு மாற்றுவது கடைசியில்தான். சார் முதல் நாள் கடையில் கேட்ட அந்த வேலைக்கு ஐந்தாவது இடம்.

இரண்டாவது வழி ஒன்று எப்போதும் போனுக்கு வெளியே இருக்க வேண்டும். மனைவி அல்லது மகன் போனில் உங்கள் கணக்கைத் திறந்துவைப்பது ஒரு வழி, அலமாரியில் தாள் வைப்பது இன்னொரு வழி. எனக்குத் தாள்தான் பிடிக்கும், அதற்குச் சார்ஜ் வேண்டாம். ஒரு பிரதியை வேறு ஊரில் இருக்கும் அண்ணன் வீட்டில் வைத்தால் வெள்ளம் வந்தாலும் ஒன்று மிஞ்சும். அதில் மெயில் முகவரியையோ பாஸ்வேர்டையோ எழுதாதீர்கள், எண்கள் மட்டும் போதும்.

தலைமையாசிரியரின் கணக்கு பழைய போனில் "ஆம்" தட்டியதில் அன்று மாலையே திறந்துவிட்டது. பத்து எண்களையும் ரூல்டு தாளில் அழகான கையெழுத்தில் எழுதினார். தாள் உண்மையில் வேலை செய்கிறதா என்று பார்த்துவிடலாம் என்று லேப்டாப்பில் தனி உலாவல் சாளரம் திறந்து, பாஸ்வேர்டு போட்டு, வேறு வழி தேர்ந்து, முதல் எண்ணை அவரையே அடிக்கச் சொன்னேன். இன்பாக்ஸ் திறந்தது. முதல் எண்ணின் மேல் சிவப்பு மையில் கோடு போட்டு, ஓரத்தில் "மீதி 9" என்று எழுதித் தேதியும் போட்டு, தாளை ஓய்வூதியப் புத்தகத்துக்குள் வைத்தார்.